கல்யாண வாசலுக்கு இருபது கலர் இலைச் செடி

பூண்டுலோயா,
மேற்பிரிவு லயம்.

அன்பு மருமகள் ஷாமிலாவுக்கு, தாய்மாமன் ஆண்டியப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் சுகம், மழையும் சுகமாகப் பெய்கிறது. கொழும்பில் நீயும் உன்னைக் கட்டப்போகும் விஜிதரனும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் சிக்னல் பாதியில் போய்விடுகிறது, ஆகவே கடிதம்.

"மண்டப வாசல்ல பூ வேணாம் மாமா, நீங்க வளத்துத் தர்ற கலர் இலைச் செடிதான் வைக்கணும்" என்று இருபது கோலியஸ் குச்சி தந்துவிட்டுப் போனாயே, அதன் விபரம் கேள். தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் என்னை மிஞ்ச இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், செடி வளர்ப்பதிலும் அப்படித்தான். ஒரே மாதத்தில் இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம், நடுவில் குங்குமச் சிவப்பு, சுற்றிவர மஞ்சள், ஓரத்தில் பச்சைக் கரை, உன் கூறைச்சேலை தோற்றுப்போகும். பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் இது எந்த நாட்டுச் செடி என்று ஆங்கிலத்தில் கேட்டார், நானும் ஆங்கிலத்திலேயே சிரித்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன், இருபது செடிக்கும் தலை இல்லை. பக்கத்து வீட்டுச் செல்லசாமியின் ஆடுதான் என்று தோட்டத் தலைவரைக் கூட்டிவந்து நியாயம் கேட்டேன். "அண்ணே, என் ஆடு மேஞ்சா மிச்சம் வைக்குமா? இது அளவா கிள்ளியிருக்குங்க" என்றான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, வெளிக்காட்டவில்லை. மறுநாள் காலை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தால், தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டு நின்ற உன் அத்தை லெட்சுமி, செல்லசாமி பெண்சாதியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகிறாள், இரண்டு கையும் அதுபாட்டுக்கு மிச்சமிருந்த கொழுந்தையும் கிள்ளுகிறது, கிள்ளியதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் போடுகிறது, முதுகில் கூடையே இல்லை. "அடியேய், என்னா செய்யிற?" என்றால் கையை உற்றுப் பார்த்துவிட்டு, "வேலைய விட்டு நின்னது நாந்தாங்க, கைக்கு யாரும் சொல்லலையே" என்கிறாள்.

ஆனால் கேள், தலை போன இடத்தில் நாலு நாலு கிளை வெடித்துச் செடியெல்லாம் குடை குடையாக விரிந்துவிட்டது. பின்னால் விழுந்த கொழுந்தெல்லாம் ஈர மண்ணில் வேர்விட்டு, இருபது இப்போது அறுபது. இது என் யோசனை என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். செல்லசாமியின் ஆட்டையும் மன்னித்துவிட்டேன்.

ஆகவே மண்டப வாசலைப் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம். தை மாதம் கல்யாணத்துக்கு லொறியை மட்டும் அனுப்பிவை. அறுபது செடிபோல் கிளைத்துத் தழைத்து வாழ்க.

இப்படிக்கு,
உன் மாமா ஆண்டியப்பன்

பி.கு.: ஒன்று எழுத மறந்துவிட்டேன். அத்தை நகத்தால் கிள்ளியதற்கே இப்படித் தழைத்ததே, நான் கை வைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்து, நேற்றுக் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி அறுபதையும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். வெட்டு அத்தனை சுத்தம். தற்சமயம் இலை என்று ஒன்றும் இல்லை, பயப்படாதே, தேயிலை என்றால் மூன்று மாதத்தில் துளிர்த்துவிடும். அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் பக்குவமாகப் பேசிக் கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளிவை.