பின்னறைக்குப் போன சிக்னல்

"சார், உங்க கையில என்ன அது?" என்று கேட்டார் மேனேஜர்.

வீடியோ மீட்டிங்கில் பதினோரு பேர். பதினோரு பேரும் பார்த்தார்கள். என் கையில் இருந்தது பூண்டு. பாதி உரித்தது.

அந்த நொடியில் சபதம் எடுத்தேன். இனி ஆபீஸ் நேரத்தில் பூண்டைத் தொட மாட்டேன்! வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி பக்கத்தில்தான் நின்றாள்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டுக் கம்பெனியில் க்ளைம் சரிபார்ப்பவன் நான். வீட்டிலிருந்தே வேலை. என் கம்ப்யூட்டர் வைஃபை பிறப்பதற்கு முன்னால் பிறந்தது. ரூட்டரிலிருந்து வரும் மூன்றடி வயர்தான் அதற்கு உயிர். ரூட்டர் இருப்பதோ சாப்பாட்டு மேஜைக்கு மேலே. ஆகவே சாப்பாட்டு மேஜைதான் என் ஆபீஸ். அங்கிருந்து சமையலறைக்கு இரண்டே எட்டு. ஒருமுறை நீள வயர் வாங்கி இழுத்தேன். அவள் தடுக்கி விழப் போனாள். வயர் அன்றைக்கே பரணுக்குப் போனது.

"மீட்டிங்ல வாய்தானே பேசுது? கை சும்மாதானே இருக்கு?" இது அவள் சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்தின்படி நான் இதுவரை உரித்த வெங்காயத்தை அடுக்கினால் மாடிக்குப் படி கட்டலாம்.

எனக்கு விடுதலை இருபத்தெட்டு அடி தூரத்தில் இருந்தது. பின்னறை. அவள் தையல் துணி மூட்டைகள் கிடக்கும் இடம். கம்ப்யூட்டரில் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரைச் சொருகிவிட்டால் வயரே வேண்டாம், அங்கேயே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

காரணம் ஒன்று தயாரித்தேன். "ஆபீஸ் ரகசியம்மா. கஸ்டமர் ஃபைலெல்லாம் நாலு பேர் நடமாடற இடத்துல வெச்சுப் பாக்கக் கூடாதாம்."

வீட்டில் நடமாடுவது அவள் ஒருத்திதான். ஆனாலும், "ஐயோ, ஆமாங்க. பின்னறையை எடுத்துக்குங்க" என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டார்: "உங்க ரூட்டர் எப்படி சார்?"

"வெள்ளை" என்றேன்.

அவர் அடுத்த கேள்வியைக் கைவிட்டு, நகக்கண் அளவில் ஒன்றைக் கொடுத்தார். சாப்பாட்டு மேஜையில் சொருகினேன். பறந்தது! பின்னறைக்குக் கொண்டுபோனேன். படுத்துவிட்டது.

"இத்தனூண்டு இருக்கே, ரெண்டு சுவரைத் தாண்டி எப்படிங்க பிடிக்கும்?" என்றாள் மனைவி, துணி மூட்டையைத் தூக்கியபடி.

"உனக்கு இதெல்லாம் தெரியாது."

அடுத்த நாள் கடையிலேயே பெரியதாக, புதியதாக, வேகமானதாக ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ராக்கெட் படம். அதையும் பின்னறையில் சொருகினேன். திரையில் மேனேஜர் வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். நான் என் வீரப் பேச்சை முடித்தபோதும் அவர் வாய் மூடவில்லை.

"ரூட்டருக்கு அடியில என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள்.

"அடியில பாக்க அது என்ன பாத்திரமா?"

அவளே ஸ்டூலில் ஏறி, ரூட்டரைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தாள். "இது பழசுங்க. நீங்க வாங்கினது என்ன வேகத்துல ஓடினாலும் இது குடுக்கிறதுதான் கிடைக்கும். ஆனா இதுல ரெண்டு அலைவரிசை இருக்கு. ஒண்ணு வேகம், சுவர்னா பயம். இன்னொண்ணு நிதானம், சுவரைத் தாண்டும். ரெண்டையும் பிடிக்கிற மாதிரி, நல்ல ஆன்டெனாவோட ஒண்ணு வாங்குங்க. கூட ஒரு சின்ன வயரும் வாங்கினா ஆன்டெனாவைக் கதவு பக்கமா நகர்த்தி வெச்சுக்கலாம்."

"யாரு சொன்னா?"

"கடைக்காரர். நேத்து போன் பண்ணிக் கேட்டேன்."

மூன்றாவதை வாங்கினேன். கொம்பு வைத்த அடாப்டர். பின்னறையில் சொருகியதும் சிக்னல் கோடு நாலும் நிறைந்தன. மேனேஜர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எனக்குக் கண் கலங்கியது.

"பாத்தியா? இதை இந்த கம்ப்யூட்டர்னு இல்ல, எதுல வேணா பிடுங்கிச் சொருகலாம். அதான் இதோட மகிமை!" என்றேன்.

"எதுல வேணாவா?" என்று வியந்தாள். அவள் என்னைப் பார்த்து வியந்து பத்தொன்பது வருஷமாகிறது.

அறையைத் தயார் செய்தாள். "மேஜை இடுப்பு உயரத்துக்கு இருக்கட்டுங்க. நின்னு வேலை பாத்தா முதுகுக்கு நல்லது." உயர்த்தினேன். "வெளிச்சம் நேரா மேலேருந்து மேஜை மேல விழணும். கண்ணு கெட்டுடும்." லைட்டை மாற்றினேன். என் முதுகுக்கும் கண்ணுக்கும் ஒரு ஜீவன் கவலைப்படுகிறதே என்று நெகிழ்ந்துபோனேன்.

திங்கட்கிழமை. குளித்து, சட்டை மாற்றி, காபியோடு பின்னறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் குரல்.

"எல்லாருக்கும் கத்தரி தெளிவாத் தெரியுதா? கழுத்து வளைவை இங்கேருந்து வெட்டணும்..."

திறந்து பார்த்தேன். இடுப்பு உயர மேஜையில் துணி, சாக்பீஸ், கத்தரிக்கோல். மேலிருந்து வெளிச்சம். அவள் லேப்டாப்பில் என் கொம்பு அடாப்டர். திரையில் எட்டுப் பெண்கள், அவளுடைய தையல் வகுப்பு மாணவிகள், என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

"என்னம்மா இது?"

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். "என் லேப்டாப்ல வைஃபை செத்து ஒரு வருஷம் ஆச்சு. போன்ல வகுப்பு எடுத்தா ஒண்ணும் தெரியலைன்னு நாலு பேர் நின்னுட்டாங்க. ஒரு அடாப்டர் வேணும்னு எத்தனை தடவை கேட்டேன்? என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னு..."

"எனக்குன்னு கேட்டப்போ ஒரு வருஷம் பாக்கலாம். உங்களுக்குன்னதும் பத்து நாள்ல மூணு!"

உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. "அப்போ என் ஆபீஸ்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பழைய இடத்துலயே வெச்சுட்டேன். அந்த நகக்கண் அடாப்டர் அங்க பறக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. போங்க, மீட்டிங்குக்கு நேரமாச்சு."

போனேன். கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடை வெங்காயம்.

பாதி மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார்: "சார், க்ளைமெல்லாம் முடிஞ்சுதா?"

"இதோ, இன்னும் நாலுதான் சார்" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.