ஹாகுவா பூசிய ஞானத்தாய்

எவ்வளவு பூசியும் நிறம் ஏறவில்லை. சந்தையில் எம்பெரா பழங்குடிப் பெண்ணிடம் உடம்பில் வரைவதற்கென்று வாங்கிய ஹாகுவா காயின் சாறு எய்ராவின் கன்னத்தில் வெறும் தண்ணீராக வழிந்தது.

"சாயம் ஏறாத பழுத்த காயைத் தலையில கட்டிட்டா" என்று எய்ரா தீர்ப்புச் சொல்லி, இரண்டாவது தடவையும் பூசினாள்.

தன் உடம்பிலேயே வரைந்து, தன்னையே படம் பிடித்து, அந்தப் படத்தின் மேல் மறுபடி வரைவது அவள் தொழில். அப்படியொரு படத்தில் அவளுடைய வெற்று முதுகு பனாமா நகரக் காபிக் கடையில் தொங்கியதைத் தங்கையின் மாமியார் உபால்தினா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து தங்கை தாலிஸ் பேசுவதில்லை.

அந்தத் தாலிஸ்தான் இப்போது கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"நாளைக்கு ஞானஸ்நானம். நீதான் ஞானத்தாய். எங்க மாமியாருக்கு இஷ்டமில்ல, நான்தான் பிடிவாதமா நின்னேன்."

"வர்றேன்டி."

"மனுஷியா வா. பெயின்ட் கியின்ட் பூசிட்டு வந்தே, அப்புறம் எனக்கு அக்காவே கிடையாது."

எய்ராவுக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தையை வாங்கி, கன்னத்தைக் கையில் ஏந்தி ஆசை தீரக் கொஞ்சினாள்.

ஹாகுவா நிதானமாகத்தான் வேலை செய்யும். காலையில் எழுந்தபோது முகமும் உள்ளங்கைகளும் கருநீலமாக இருந்தன. எலுமிச்சையைத் தேய்த்தாள், எரிந்ததே தவிரப் போகவில்லை. பவுடரை அப்பினாள், சாம்பல் நிறமானது. அதன் மேல் சிவப்பு ரூஜ் தடவினாள், ஊதாவானது. கடைசியில் கறுப்பு முக்காடும் கையுறையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"யாரு வீட்டுல சாவு?" என்றார் பக்கத்து வீட்டு ஒல்மேதோ.

கோயிலில் தாலிஸ் முக்காட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு, குழந்தையை மூக்குவரை போர்த்தி வைத்திருந்தாள். "என் பக்கத்துலயே நில்லுக்கா. எனக்கு உன்னை விட்டா யாருமில்ல" என்றாள்.

உபால்தினா தூரத்தில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் யாரும் போகவில்லை.

"ஞானத்தாய் குழந்தையை வாங்கிக்கணும்" என்றார் பாதர். "கையுறையைக் கழட்டும்மா. முக்காட்டையும்."

எய்ரா கழற்றினாள். கோயிலே கழுத்தை நீட்டிப் பார்த்தது.

உபால்தினா எழுந்து நேராக வந்தாள். குழந்தையின் போர்வையை இழுத்தாள். பிஞ்சுக் கன்னத்தில் ஐந்து விரல்களும் கருநீலமாகப் பதிந்திருந்தன. எய்ராவின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது.

"இப்பவாவது நம்புங்கடி, குழந்தையை நான் அறையல."