கோப்பானந்தரின் பென் டிரைவ் பூஜை

இரண்டாயிரத்து எட்டில், ஓசூரில் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களைவிட அதிகக் கூட்டம் பாகலூர் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு தகர ஷெட்டில் கூடியது. வாசலில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பலகை: 'ஸ்ரீ கோப்பானந்தர். உங்கள் தகவலுக்குத் தெய்வக் காவல்.' வசூலுக்கு மொழிப் பிரச்சினை இருக்கக் கூடாதல்லவா?

பென் டிரைவ் வீடுகளுக்குள் நுழைந்திருந்த காலம். கல்யாணப் போட்டோ முதல் வேலைக்கு அனுப்பும் பயோடேட்டா வரை எல்லாம் கட்டைவிரல் அளவுப் பொருளுக்குள் போய்விட்டன. அது தொலைந்தால் எவன் கையில் சிக்குமோ என்று எல்லோருக்கும் பயம். பயம் முளைத்த இடத்தில் சாமியாரும் முளைத்தார். காவி வேட்டி, உருத்திராட்சம், அதன் நடுவே பதக்கமாக ஒரு பழைய சிடி.

பென் டிரைவைத் தாம்பாளத்தில் வைத்தால், அவர் மஞ்சள் கயிறு கட்டி எலுமிச்சம்பழத்தால் மூன்று முறை சுற்றுவார். பிழிய மாட்டார். பிழிந்தால் பென் டிரைவ் கெட்டுவிடும் என்பது தெய்வத்துக்கும் தெரிந்திருந்தது. பிறகு திரைக்குப் பின்னால் ஒரு நாள் பூஜை. மறுநாள் திருப்பித் தரும்போது, இனி அந்நியன் கண் இதில் படாது என்று ஆசீர்வாதம். கூடவே இலவசமாக அருள்வாக்கு. உரியவரின் வீட்டு ரகசியத்தைக் காவல் தெய்வம் சாமியார் காதில் சொல்லுமாம். ரகசியத்தைக் காக்க வந்த தெய்வம் ஏன் அதை மைக்கில் சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

ஷெட்டுக்கு இடம் கொடுத்த பேரிகை ஊர்ப் பண்ணையார் நாராயணப்பன் தன் பென் டிரைவோடு மாட்டுக் கொட்டகைச் சாவிக்கும் சேர்த்துக் கயிறு கட்டிக்கொண்டார்.

அதே சாலையில் குடியிருந்த காவேரி என்பவளின் கணவனும் வீட்டுப் பென் டிரைவைக் கொண்டுபோனான். குழந்தைக்காக அவள் பெங்களூரில் பார்த்துவரும் வைத்தியத்தின் ஸ்கேன் படங்கள் அதில் இருந்தன. மாமியாருக்குக்கூடச் சொல்லாத விஷயம். மறுநாள் நானூறு பேர் நடுவில் கோப்பானந்தர் அதைப் படம் பிடித்ததுபோல் சொன்னார். கூட்டம் சிலிர்த்தது. மாமியார் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து காவேரியைக் குடைந்து எடுத்தாள். காவேரி தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பிரவீனாவுக்கு இது பொறுக்கவில்லை. உதிரிபாகக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவள் அவள். அங்கே வரைபடங்களைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிறகுதான் பென் டிரைவில் ஏற்றி வெளியே அனுப்புவார்கள். கடவுச்சொல் தெரியாதவன் கம்ப்யூட்டரில் செருகினால் ஒன்றும் படிக்க வராது. கயிறும் வேண்டாம், பழமும் வேண்டாம்.

அவள் தன் கணவன் ராஜ்குமாரின் கம்பெனி யூனிஃபார்ம் போட்டோவை எடுத்து, நாகரசம்பட்டி மாந்தோப்பு ஒன்றில் ஒட்டகத்தின் மேல் அவன் உட்கார்ந்திருப்பதுபோல ஒட்டிச் சேர்த்தாள். அந்தப் படத்தைச் சிவப்புப் பென் டிரைவில் அப்படியே போட்டாள். கறுப்பு ஒன்றிலும் அதே படத்தைப் போட்டு, கடவுச்சொல்லால் பூட்டினாள். இரண்டையும் தாம்பாளத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காவேரியையும் வற்புறுத்தி அழைத்துப்போனாள். கோப்பானந்தர் சிவப்பைக் கையில் எடுத்துக் கண்ணை மூடினார்.

"மாந்தோப்பு தெரியுது. உன் புருஷன் கம்பெனி யூனிஃபார்மோட ஒட்டகத்து மேல வர்றான். செல்வம் வருதும்மா."

கூட்டம் அரோகரா போட்டது. ராஜ்குமார் கம்பெனி யூனிஃபார்மோடு எழுந்து நின்றான்.

"சாமி, நான் எருமை மேல ஏறியிருக்கேனுங்க. ஒட்டகத்தை சினிமாவுலதான் பாத்திருக்கேன்."

போன பிறவியாக இருக்கலாம் என்று கோப்பானந்தர் சமாளித்தார். அப்படியானால் போன பிறவியிலும் இதே யூனிஃபார்ம்தானா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். பிரவீனா கறுப்பைக் காட்டி, இதற்கும் வாக்கு வேண்டும் என்றாள். சாமியார் அதைத் தடவினார், மோந்தார். கடைசியில் இதில் தோஷம் இருப்பதால் தெய்வம் வாய் திறக்கவில்லை என்றார்.

"தோஷமெல்லாம் இல்லீங்க. ரெண்டுலயும் ஒரே படம்தான். செவப்பைத் தொறந்து வெச்சேன், கறுப்பைப் பூட்டி வெச்சேன். உங்க தெய்வத்துக்குப் பாஸ்வேர்டு தெரியல."

அப்போதுதான் காவேரி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நடந்து, திரையை ஒரே இழுப்பில் கிழித்தாள். உள்ளே சாமி படம்கூட இல்லை. ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரை முழுக்க ஊராரின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குள்ளும் அவரவர் வீட்டு அந்தரங்கம்.

"இதுல என் ஸ்கேன் படம் இருக்குது. நான் அழிச்சிட்டுத்தான் போவேன்," என்றாள் காவேரி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் பெயரைத் தேடத் தொடங்கினாள்.

கூட்டத்தில் இருந்த மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் என்னுடையதை முதலில் அழி என்று முண்டியடித்ததில், கோப்பானந்தர் கழுத்துச் சிடி இரண்டாக உடைந்தது. போலீஸ் வரும்வரை அவரைப் பிடித்து வைத்திருந்தவர் நாராயணப்பன்தான். பக்தியில் அல்ல, அவருடைய பத்திர நகலும் உள்ளே இருந்ததாம்.

அடுத்த ஞாயிறு பிரவீனா வீட்டு வாசலில் வரிசை. எங்களுக்கும் பூட்டிக் கொடு என்றார்கள். அவளும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். எந்தத் திசை பார்த்துக் கடவுச்சொல் அடிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். என் நட்சத்திரத்துக்குப் பொருத்தமாக ஒன்றை நீயே சொல்லிவிடம்மா என்றார் இன்னொருவர்.

"அதை நீங்கதான் யோசிக்கணும். உங்களுக்காக இன்னொருத்தர் யோசிச்சா, சாவி அவர்கிட்டத்தான் இருக்கும்," என்றாள் பிரவீனா.

யோசிக்க வேண்டும் என்றதும் வரிசையில் பாதி கலைந்தது. நின்றவர்களுக்கு இந்தக் கதை தேவையில்லை. கலைந்து போனவர்களைப் பார்த்தால் படிக்கக் கொடுங்கள்.