மேஜைவிரிப்பின் ஜென்மப் பகைவர்

எங்கள் மெக்சிகோ நகரத்தில் புறாக்களுக்கு அடுத்தபடியாக அதிகம் பெருகியிருக்கும் இனம் ஒன்று உண்டு. மேஜைமேல் துணி விரித்துப் பரிமாறும் எதுவும் சாப்பாடே அல்ல என்று நம்பும் இனம். சோள ரொட்டியில் கறியை மடித்துத் தரும் டாக்கோ என்றால் தெருமுனையில், பேருந்துப் புகைக்கு நடுவில், நின்றுகொண்டு தின்ன வேண்டும். மற்றதெல்லாம் வெளிநாட்டுக்காரனை ஏமாற்றும் வேலை. இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், ஏனென்றால் இவர் மெதுவாகப் பேசி யாரும் கண்டதில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கால்களை அகட்டி, இடுப்பை வளைத்து, முழங்கையைத் தூக்கி, கழுத்து டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, சொட்டும் கொழுப்பு சட்டையில் விழாமல் நடைபாதையில் விழும்படி ஒருவர் நின்றால், அவரேதான். தட்டைக் கழுவுகிற வேலை வேண்டாம் என்று கடைக்காரர் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டித் தருவார்; இவருக்கு அது வெள்ளித் தட்டு. கறியை மட்டுமா ருசிப்பார்? கடையின் கஷ்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ருசிப்பார். பக்கத்தில் சாக்கடை இருந்தால் கடை பழமையானது. கடைக்காரர் திட்டினால் உண்மையானவர். வரிசை நீண்டிருந்தால் நல்ல கடை. வரிசையே இல்லையா? யாருக்கும் தெரியாத கடை, அது இன்னும் நல்ல கடை. இவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இவருக்கு எதிர் இனமும் இல்லாமல் இல்லை. பெரிய தட்டின் நடுவில் வைத்த ஒரு துளி நுரையைப் படம் பிடித்து, அதைச் செய்த சமையல்காரரின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் ரொட்டி சுட்டுத் தின்னும் இனம். ஆனால் அவர்களால் ஆபத்து குறைவு. பசி அவர்களை அடக்கிவிடும். நம்மவருக்குத்தான் வயிறும் நிறைந்திருக்கிறது, வாயும் ஓயவில்லை.

என் தங்கை எல்விராவின் புருஷன் ஹெனாரோ இந்த இனத்தின் சுத்தமான வாரிசு. போர்த்தாலெஸ் பேட்டையில் பொன்சோவின் டாக்கோ கடைதான் அவருக்கு உலகத்தின் மையம். காதலைச் சொன்னது அங்கே. மகள் பிறந்த செய்தியைச் சொன்னது அங்கே. எல்விராவின் ஒவ்வொரு பிறந்தநாளையும் கொண்டாடியது அங்கே. "எதுக்கு மச்சான் வேற எடம்? இங்க இல்லாத எது அங்க இருக்கு?" என்பார். நாற்காலி இருக்கிறது என்று நானும் பலமுறை சொல்லிப் பார்த்தேன். நாற்காலியைத் தின்ன முடியுமா என்று திருப்பிக் கேட்பார். கூட நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

இங்கே ஒரு சின்ன விவரத்தைச் சொல்லியாக வேண்டும். ஹெனாரோ காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறார். காலையில் நாற்காலியில் விழுந்தால் மாலையில்தான் எழுவார். நின்று தின்பது அவருக்குத் திருவிழா. எல்விரா முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கிறாள். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வாடிக்கையாளர்கள். அவள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நிற்கிறாள். இந்தக் கணக்கு இத்தனை வருஷமாக என் மச்சானின் தலையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவர் இந்த இனத்தில் சேர்ந்திருக்கவே மாட்டார்.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எல்விரா ஒன்றே ஒன்று கேட்டாள். முதுகு சாய்க்கிற நாற்காலியில் உட்கார்ந்து, வேறு யாராவது தட்டை எடுத்துக்கொண்டு போக, ஒரு மத்தியானம் சாப்பிட வேண்டும். அதற்காகப் பச்சை நிறத்தில் குதிகால் உயர்ந்த செருப்புகூட வாங்கி வைத்திருந்தாள். பொன்சோ கடையின் கொழுப்பு வழிந்த நடைபாதையில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் எலும்புதான் முறியும். ஹெனாரோ வழக்கம்போல ஆரம்பித்தார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"இந்த வருஷம் நான் உக்காந்துதான் சாப்பிடுவேன் கிழவா. நீ வந்தா பக்கத்துல உக்காரு. இல்லாட்டி நான் தனியா உக்காந்துக்கறேன்."

கிழவா என்பது எங்கள் ஊரில் மனைவி ஆசையாகக் கூப்பிடுவது. அன்று அதில் ஆசை கொஞ்சம் குறைவாக இருந்தது. ஹெனாரோ பயந்துபோய் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

பணக்காரர்களின் போலாங்கோ பேட்டையில் ஒரு பெரிய உணவகம். மேஜைவிரிப்பு தரை வரைக்கும் தொங்கியது. ஹெனாரோ அதை ஓரமாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், கீழே ஏதாவது மோசடி இருக்கிறதா என்பதுபோல. சோள ரொட்டி சின்னது என்றார். கறி ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது, அதுவே சந்தேகம் என்றார். பரிமாறுகிறவர் சிரிக்கிறார், திட்டுகிற மனிதர் கையால் வாங்கினால்தான் ருசி என்றார். எல்விராவோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

பிறகு சின்னக் கிண்ணங்களில் சல்சா வந்தது, டாக்கோவின்மேல் ஊற்றிக்கொள்ளும் மிளகாய்ச் சாறு. பரிமாறுகிறவர் ஆரஞ்சு நிறக் கிண்ணத்தைக் காட்டி, அது ஹபனேரோ மிளகாய், கடும் காரம், பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். எங்கள் ஊர் ஆணிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. வேட்டைக்காரனிடம் போய் நாய் கடிக்கும் என்று சொல்வார்களா? தவிர, மேஜைவிரிப்பு போட்ட இடத்துச் சல்சா வெளிநாட்டுக்காரன் நாக்குக்காகச் செய்த வர்ணத் தண்ணீர் என்பது இந்த இனத்தின் முதல் பாடம். "இது சல்சாவா மச்சான்? பழரசம்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை அப்படியே டாக்கோவின்மேல் கவிழ்த்தார்.

முதல் கடியில் பேச்சு நின்றது. அதுவே எங்களுக்குப் புதுசு. இரண்டாவது கடியில் காது சிவந்தது. மூன்றாவதைக் கடித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. கண்ணிலிருந்து தண்ணீர் மாலை மாலையாக வழிந்தது. காரமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். உயிரே போனாலும் இல்லை என்றுதான் ஆட்டுவார். கைத்துணியைத் தவறவிட்டதுபோல நடித்து, மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார்.

அதற்குள் அங்கே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே அழுகிறார் என்ற சேதி சமையலறைக்குப் போய்விட்டது. தலைமைச் சமையல்காரி, இளம்பெண், கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து நின்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. தன் சாப்பாட்டின் ருசிக்கு ஒரு மனிதர் அழுதது இதுதான் முதல் தடவையாம்.

மேஜைக்கு அடியில் ஹெனாரோ சற்று நேரம் இருந்தார். அங்கே என்ன பார்த்தார் என்பதை ரொம்ப நாள் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார். பச்சைச் செருப்பு இரண்டும் ஓரமாகக் கிடந்தன. பக்கத்தில் எல்விராவின் வெறுங்கால்கள். கணுக்கால் வீங்கி, நரம்பு புடைத்து, யாருக்கும் தெரியாமல் அந்தத் துணியின் மறைவில் நீட்டிக் கிடந்தன. கட்டைவிரல்கள் மட்டும் சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கால்களை ஒருதரமும் சரியாகப் பார்த்ததில்லை மச்சான், என்றார்.

மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது, அழுதது எதனால் என்ற கேள்வி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தது. காரம் என்று சொன்னால் போர்த்தாலெஸில் தலைகாட்ட முடியாது. சாப்பாடு என்று சொன்னால் அவரது இத்தனை வருஷப் பிரசங்கமும் வீண். எல்விரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாதா, அது எந்தக் கிண்ணத்துக் கண்ணீர் என்று?

ஹெனாரோ மூக்கை உறிஞ்சினார். "சாப்பாடுதாம்மா," என்றார் சமையல்காரியிடம். "ரொம்ப நல்லா இருக்கு. அடுத்த வருஷமும் வரோம்."

எல்விரா மேஜைவிரிப்புக்கு அடியில் காலை நீட்டி அவர் காலை மிதித்தாள். அதுதான் அவள் சொன்ன நன்றி.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது, கட்சியை மட்டும் விரிவாக்கும். மறுநாளே பொன்சோ கடையில் டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, போலாங்கோ பேட்டையில் உள்ளது உண்மையில் உணவகமே அல்ல, கூரை போட்ட தெருக்கடை என்று விளக்கிக்கொண்டிருந்தார். சல்சாவில் காரம் போதாது என்றும் சொன்னார். ஆனால் கையில் முடிதிருத்தும் நிலையத்திலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதைக் கடை முன்னால் விரித்துப் போட்டார். எல்விரா அதில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பை மாட்டிய தட்டிலேயே சாப்பிட்டாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நான் அந்த இனமில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் என்ன இருந்தாலும் எங்கள் தெருமுனைக் கடைக்கு ஈடாகாது என்று நடுவில் எங்கேயாவது மனசு முணுமுணுத்திருந்தால், அடுத்த முறை அந்தக் கடையில் இன்னொரு தட்டு சொல்வதற்கு முன், கூட வந்திருப்பவரின் கால்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.