எட்டுப் பெயருக்குக் கீழே ஒரு கறை

பொன்விழா மலர் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் லிஃப்ட் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம், என் முட்டி நலமில்லை. நீங்களும் உங்கள் வீட்டாரும், பதினாலாம் பக்கத்துக் கறையைத் துடைத்தவரும், நோய் நொடியின்றி நலமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது, விஷயம் என்னுடையது.

தந்தி ஆபீஸ் கூரை காற்றில் பறந்து மீன் கடை மேல் விழுந்ததே, அந்த வருஷம். பெரிய ஆஸ்பத்திரி லிஃப்ட் தலைமை டாக்டரை ஏற்றிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்று, அவர் உள்ளே இருந்தபடியே வெளியே இருந்த நோயாளிகளுக்கு மருந்து சொன்னாரே, அதே வருஷம். நம் மேனேஜர் புது கார் வாங்கி, பின்னால் எடுக்கத் தெரியாமல் மூன்று மாதம் முன்னாலேயே ஓட்டிக்கொண்டிருந்ததும் அப்போதுதான். அந்த வருஷத்தில்தான் நாங்கள் ஒன்பது பேர் அந்த மலைக்குப் போனோம். நீங்கள் மலரில் எட்டுப் பேர் என்று போட்டிருக்கிறீர்கள். மேனேஜர் தலைமையில் எட்டுப் பேர் ஒரே நாளில் ஏறி இறங்கினார்களாம், அடுத்த மாதம் மலையடியில் எட்டுப் பேர் பெயரையும் கல்லில் வெட்டித் திறக்கப்போகிறீர்களாம். வீட்டுக்காரி வாசித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாவது ஆள் நான். அதோடு, ஒரே நாளில் ஏறியது ஒரு தடவை இல்லை தம்பி, இரண்டு தடவை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் கம்பெனி வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை வெளியே பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு டோக்கன் தொங்கினாலும் யாரும் சுவிட்ச் மேல் கை வைக்கக் கூடாது, உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இந்த வழக்கத்தால் பிழைத்த உயிர்கள் உண்டு, என்னுடையதும் ஒன்று. அதனால் மலைக்குப் போகும்போதும் மேனேஜர் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து அடிவாரத்து டீக்கடைத் தூணில் ஆணியடித்து மாட்டினார். "இதுவும் குழிதான்யா, தலைகீழா இருக்கு, அவ்வளவுதான்," என்றார். விடியுமுன் ஒன்பது பேரும் டோக்கனை மாட்டிவிட்டு ஏறத் தொடங்கினோம். ஏற்றம் என்றால் சாதாரண ஏற்றம் இல்லை. முன்னால் போகிறவன் குதிகால் பின்னால் வருகிறவன் மூக்கில் படும். காலமெல்லாம் லிஃப்டில் போய் வந்த எங்களுக்கு, ஒவ்வொரு திருப்பத்திலும் பொத்தானைத் தேடிக் கை தானாக நீளும். ஸ்டோர்கீப்பர், பூட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், இருமலைக்கூட எண்ணித்தான் இருமுவார். அவர் பத்தடிக்கு ஒரு தரம் ஆள் எண்ணிக்கொண்டே வந்தார். இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், பாதி தாண்டிய இடத்தில் என் பூட்ஸின் அடி வாய் பிளந்துவிட்டது. கட்டிப் பார்த்தேன், ஒட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மற்ற எட்டுப் பேரும் போய் உச்சியில் தகர டப்பாவுக்குள் இருந்த நோட்டில் பெயர் எழுதினார்கள். நான் மனமொடிந்து இறங்கி, டோக்கனை எடுத்துக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பத்தரை மணிக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அவரவர் டோக்கனை அவரவர் எடுத்தார்கள். எடுத்து முடித்த பிறகு பார்த்தால் பலகையில் இன்னும் ஒன்று தொங்குகிறது. பதினேழாம் நம்பர்.

"பதினேழு யாருது?" என்றார் மேனேஜர்.

"பெயிண்டரோடது சார். சுண்ணாம்புன்னு கூப்பிடுவோமே. போன வருஷமே வேலைய விட்டுட்டு வெளியூர் போயிட்டாரு," என்றார் கேபிள் ஆள்.

"போயிட்டாருன்னா டோக்கன் எப்படிய்யா இங்க தொங்கும்?" பூட்டு விடவில்லை. "வந்திருக்காரு. நமக்கு முன்னாடியே மாட்டிட்டு ஏறியிருக்காரு. மேல எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்காரு."

"வழியில நாம பாக்கலையே?"

"குழியில இருக்கிறவன வெளிய நின்னா பாக்க முடியுமா? பலகை காலியாகாம வண்டி நகராது சார். நீங்க போட்ட சட்டம்."

மேனேஜர் எங்களைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு, பலகைக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான் என்று சொல்லி பெஞ்சில் படுத்துவிட்டார். உங்கள் மலரில் போட்டிருக்கும் தலைமை அதுதான்.

ஆக, யாரும் தொலையாமலே தொலைந்தவரைத் தேடி எட்டுப் பேர் மறுபடி ஏறினோம். டீக்கடைக்காரர் எனக்கு ரப்பர் செருப்பு கொடுத்தார். "சுண்ணாம்பு! சுண்ணாம்பு!" என்று கத்தினோம், மலையும் திருப்பிக் கத்தியது. "பாத்தியா, குரல் குடுக்கிறாரு, ஏறு ஏறு," என்றார் பூட்டு. பாதி வழியில் இருக்கும் ஊற்று வரைக்கும் வந்ததும் அவர் உட்பட ஆறு பேர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்கள். "கிடைச்சா நீங்களே கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் போனது நானும் டெலிபோன் ஆபரேட்டரம்மாவும் மட்டும். கடைசியில் கத்தியைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு பாறை, இரண்டு பக்கமும் வெறும் காற்று. நான் விசிலடித்துக்கொண்டே நடந்தேன். உச்சியில் நோட்டைத் திறந்தேன். பெயர் எழுதத் தெரியாதே, அதனால் என்ன? தினமும் கம்பெனி வருகைப் புத்தகத்தில் வைப்பது போல, கிரீஸ் துணியில் கட்டைவிரலைத் தேய்த்து, எட்டுப் பெயருக்குக் கீழே அழுத்தி வைத்தேன்.

மலரின் பதினாலாம் பக்கத்தில் அந்த நோட்டுப் பக்கத்தைப் படமாகப் போட்டிருக்கிறீர்கள், அதில் என் ரேகையைக் காணோம். நேற்று உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டால், "ஆமா பெரியவரே, அந்தப் பக்கத்துல ஒரு எண்ணெய்க் கறை இருந்தது, சுத்தம் பண்ணித்தான் அச்சுல போட்டோம்," என்கிறார் ஒருவர். தம்பி, அது கறை இல்லை, நான். கல்லிலாவது என்னைத் துடைக்காதீர்கள். பெயரை வெட்டினாலும் சரி, ரேகையை வெட்டினாலும் சரி. திறக்கும் அன்று எல்லோர் முன்னாலும் என் விரலை வைத்துக் காட்டுகிறேன், அச்சாகப் பொருந்தும். அந்தப் பதினேழை மாட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது, எனக்கு பூட்டு மேல்தான் சந்தேகம். கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மேனேஜர் போய்விட்டார், கேபிள் ஆள் போன மழைக்காலத்தில் போனார், மற்ற நாலு பேரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சாட்சி வேண்டும் என்றால், உங்கள் எட்டுப் பெயரில் உயிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஒருத்திதான். அன்றைக்கு டெலிபோன் ஆபரேட்டர், இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரி.

மலரும் நீங்களும் நூறாண்டு காண ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஒன்பதாவது ஆள்
(கட்டைவிரல் ரேகை)

பின்குறிப்பு: ஐயா, இது சாட்சி எழுதுவது. "இன்னும் என்ன எழுதுற?" என்கிறார். விலாசம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த பூட்ஸ் இன்றைக்கும் எங்கள் பரணில் இருக்கிறது, அடி பிரியவே இல்லை. முதல் தடவை அந்தப் பாறை வரைக்கும் வந்துவிட்டு, "குழியில நாலு பக்கமும் சுவர் இருக்கும் ஆபரேட்டரம்மா, இங்க ஒண்ணுமே இல்லையே," என்று உட்கார்ந்தவர் மேலே வரவில்லை, அப்படியே திரும்பிப் போய்விட்டார். பதினேழாம் நம்பரை பெயிண்டர் போகும்போது இவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் இறங்கி வருகையில் இவர் அதைப் பலகையில் மாட்டியதை நான் கடைசித் திருப்பத்திலிருந்து பார்த்தேன். சொல்லவில்லை. இவரோடு ஒரு தடவை ஏற எனக்கும் ஆசை இருந்தது. இரண்டாவது தடவையும் அதே பாறையில் அதே மாதிரிதான் உட்கார்ந்தார். கிரீஸ் துணியை என் கையில் கொடுத்து, "நீங்க வெச்சிட்டு வாங்க, உங்க விரலும் விரல்தானே," என்றார். போய் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு விசில் அடித்துக்கொண்டிருந்தார், அது மட்டும் நிஜம்.

கல்லில் ரேகையையே வெட்டுங்கள். சொன்னபடி எல்லோர் முன்னாலும் விரலை வைத்துக் காட்டாமல் விடமாட்டார். என் விரல் சின்னது. கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள்.