ஊருக்கு விடுதலை, டார்கஸுக்கு வாய்தா

மழைக்குக் காளான் முளைப்பதுபோல் வரிக்கு முளைக்கிற ஓர் இனம் எங்கள் வர்ஜீனியாவில் உண்டு. விடுதலை வக்கீல் என்று பெயர். எங்களை ஆளும் லண்டன் பார்லிமெண்ட் ஸ்டாம்பு வரி போட்ட நாளிலிருந்து மாவட்டத்துக்கு நாலு பேராவது தேறுவார்கள்.

அடையாளம் சொல்கிறேன். பொய்முடியில் மாவு, பையில் ரோமாபுரி வரலாறு, நாக்கில் சங்கிலி. ஆம், சங்கிலிதான். “லண்டன் நம்மை அடிமைச் சங்கிலியில் பூட்டுகிறது!” என்று மேசையைத் தட்டுவார், தட்டின வேகத்தில் சிந்திய ஒயினைத் துடைக்க அவருடைய அடிமை ஓடி வருவான். ஒயின் அவர் கண்ணுக்குத் தெரியும், துணி தெரியும். துடைக்கிற கை தெரியாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய், எகிப்தில் அடிமைகளைக் கடவுள் மீட்ட கதைக்குக் கண் கலங்கி, வெளியே வந்ததும் குதிரையைக் கொண்டுவரத் தாமதித்த அடிமையை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அந்தக் கடவுளும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருக்கிறார்.

எங்கள் ஊர் அம்ப்ரோஸ் தார்ன்லி இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. அவர் நேசித்ததெல்லாம் கூட்டமாகத்தான் வரும்: மனிதகுலம், வருங்காலத் தலைமுறைகள், உலக மக்கள். ஒரே ஒருத்தி தனியாக எதிரில் வந்து நின்றால் நா உலர்ந்துவிடும்.

அப்படி வந்து நின்றவள் டார்கஸ், கர்னல் ஹேச்சரின் புகையிலைத் தோட்டத்து அடிமை. அவளுடைய தாய்வழிப் பாட்டி இந்த மண்ணின் பூர்வகுடி. யாருக்கும் அடிமையாக இருந்தவள் இல்லை. தாய் அடிமையில்லை என்றால் பிள்ளையும் அடிமையில்லை என்பது எங்கள் சட்டம். ஆகவே டார்கஸ் வழக்குப் போட்டாள். அவளுக்கு வக்கீலாக நீதிமன்றம் தார்ன்லியை நியமித்தது. எங்கள் நீதிமன்றத்தில் வெள்ளையன் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. பாட்டியைப் பார்த்த வெள்ளையர் ஒருவர்தான் மிச்சம்: கிடியன் ஸ்லோகம், எண்பத்திரண்டு வயதுச் சிறு விவசாயி. கர்னலோ டார்கஸின் மகள் ஜூடித்தைத் தன் மகளுக்குக் கல்யாணச் சீராகக் கரோலினாவுக்கு அனுப்ப நாள் குறித்துவிட்டார். வழக்கு ஜெயித்தால் ஜூடித்தும் தப்பினாள்.

வக்கீலுக்கு என்ன வேலை? கிழவரைக் கூண்டில் ஏற்றி நாலு கேள்வி கேட்பது. அரை மணி நேரம். ஆனால் தார்ன்லி சட்டசபைத் தேர்தலில் நின்றார். கர்னலின் குத்தகைக்காரர்களுக்கு நாற்பது ஓட்டு. மார்ச்சில் வாய்தா. ஏப்ரலில் வாய்தா. மே மாதம் மட்டும் சும்மா விடுமா?

“ஐயா, கெழவருக்கு மூச்சு வாங்குது. இந்தத் தடவையாச்சும் கூப்பிடுங்க.”

“உன் வழக்கு சாதாரண வழக்கில்ல டார்கஸ். மனுசகுலத்தோட வழக்கு. பழம் கனியணும்.”

“கனியட்டும் ஐயா. எம் பொண்ணு அறுவடைக்குள்ள போயிருவா.”

“பொறுமைதான் சுதந்திரத்துக்கு முதல் படி.”

“அப்படின்னா நாங்கல்லாம் இந்நேரம் கூரை மேலல்லவா நிக்கணும்!”

தேர்தல் நாள் வந்தது. எங்கள் பக்கம் ஓட்டை வாயால்தான் போட வேண்டும். நீதிமன்றக் கூடத்தில் ஷெரீஃப் பெயரைக் கூப்பிடுவார், வந்தவர் தன் வேட்பாளரை உரக்கச் சொல்வார், எழுத்தர் குறித்துக்கொள்வார், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர் எழுந்து குனிந்து நன்றி சொல்வார். வெளியே சுட்ட பன்றிக்கறி பரிமாறினார்கள், ரம் ஆறாக ஓடியது. வேட்பாளர் சாராயம் தரக் கூடாது என்பது சட்டம், தந்தவர்கள் நண்பர்கள். காலையிலிருந்து நூறு தடவையாவது குனிந்திருப்பார் தார்ன்லி. கர்னல் வாசலில் நின்று தன் ஆட்களை எண்ணி எண்ணி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போது இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு கிழவர் வந்தார்.

“கிடியன் ஸ்லோகம்! யாருக்கு ஓட்டு?”

கிழவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “டார்கஸோட பாட்டி யாருக்கும் அடிமையில்ல. எங்கப்பன் வீட்டுக்கு இஷ்டப்பட்டா வந்து சோளம் இடிப்பா, இல்லன்னா அவ பாட்டுக்குப் போயிருவா. என் கண்ணால பார்த்தேன். கோர்ட்டுல என்னை யாரும் கூப்பிடல. இன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க, சொல்லிட்டேன்.”

தார்ன்லி எழுந்தார். நெஞ்சில் கை வைத்தார். குனிந்தார்.

“உங்க நம்பிக்கைக்கு ரொம்ப நன்றி, மிஸ்டர் ஸ்லோகம்.”

கூடமே வெடித்துச் சிரித்தது. எழுத்தர் பேனாவை மையில் தோய்த்தபடி கேட்டார்: “இதை ஓட்டா எழுதவா, சாட்சியா எழுதவா வக்கீலய்யா?”

நீதிபதிகள் அங்கேயே இருந்தார்கள். பைபிள் மேசைமேல் இருந்தது. “சத்தியம் வாங்குங்கள்” என்று இரண்டு வார்த்தை போதும். தார்ன்லி வாசலைப் பார்த்தார். கர்னலின் ஆட்களில் இன்னும் பன்னிரண்டு பேர் பாக்கி.

“ரெண்டும் வேணாம். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க.”

ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். பத்தாம் நாள் கிழவர் செத்தார். ஜூன் மாதம், சாட்சி இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. அன்று தார்ன்லி ஒரு மணி நேரம் பேசினார் பாருங்கள், கர்னலே கைக்குட்டையை எடுத்தார்!

“மனசை விட்டுராத டார்கஸ். வருங்காலம் நம்மை நினைச்சுப் பார்க்கும்.”

“உங்களை நினைக்கும் ஐயா. ஜூடித்தை வண்டியேத்துறப்போ நான் யாரை நினைக்கட்டும்?”

வக்கீல் குதிரையேறிவிட்டார், அவருக்குச் சட்டசபைக்கு நேரமாகிவிட்டது. செப்டம்பரில் ஜூடித்தைக் கரோலினா வண்டியில் ஏற்றினார்கள்.

போன வாரம், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு இதைத் தார்ன்லியிடமே படித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். எழுத்தர் பேனாவைத் தோய்க்கிற இடம் வந்ததும் தொடையைத் தட்டிக் கொதித்தார்: “பாவிப்பய! வாயைத் தொறந்திருக்கலாமே! யாருங்க அது, பக்கத்து மாவட்டத்துக்காரனா?”

நீங்களும் அந்த இடத்தில் கொதித்திருப்பீர்கள், வாசகரே. யாரை நினைத்து?