திரும்பாத சைக்கிள்

உலகத்தில் எது வேண்டுமானாலும் திரும்பும். வெளிநாடு போன பிள்ளை திரும்புவான். கோபித்துக்கொண்டு போன சம்பந்தி திரும்புவார். பெரட்டு அண்ணனின் சைக்கிள் மட்டும் திரும்பாது. முன்னால் சுவர் இருந்தால் அது சுவரின் பிரச்சினை என்று போய்க்கொண்டே இருப்பவர் அவர். மலேசியாவில் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவர் அகப்பட மாட்டார்.

அண்ணன் மம்பாவில் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சைக்கிள் கூட்டத்துக்குத் தலைவர். கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சர்க்கரை ஏறிய, தொப்பை விழுந்த, டாக்டரிடம் திட்டு வாங்கிய ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான். அண்ணனின் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். விடியுமுன்னே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். தோட்டம் செம்பனையாக மாறி, பால் வாளிகளெல்லாம் பூந்தொட்டிகளாகிவிட்டன. பெரட்டை மட்டும் மகன் விடவில்லை.

ராசாவில் ஒரு காப்பிக் கடை வாசலில்தான் எங்கள் பெரட்டு. கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்.

"கமலா டீச்சர்!"

"இருக்கேண்ணே."

"குமாரு!"

"முன்னாலதானே நிக்கிறேன். கண்ணு தெரியலையா?"

"கண்ணுக்குத் தெரியறது வேற, பதில் சொல்றது வேற. குமாரு!"

"இருக்கேன் லா!"

"சேகரு!"

சேகர் என்பது அடியேன். பெரும்பாலும் அந்த நேரத்தில் நான் அடுத்த சிக்னலில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். தாமதமாக வந்தால் அரைப்பேர். தோட்டத்தில் அதற்கு அரைநாள் கூலி. எங்களுக்கு, நீர்த்தேக்கத்து ஓரத்தில் ஒரு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மாக்சிக், போடும் பீசாங் கோரேங்கில் பாதி. அந்த வாழைப்பழப் பலகாரம் முழு உருவத்தில் எப்படி இருக்கும் என்பதே எனக்குப் பல மாதங்களாகத் தெரியாது.

அண்ணனின் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேனிலிருந்து கழற்றிய ஹாரன், கூடையில் ஒரு பாராங் கத்தி, ஒரு சுருள் கயிறு. இவற்றோடு பக்கவாட்டில் நீளமாகக் கட்டிய ஒரு பலகை. வழியில் கான், அதாவது சாக்கடை, வந்தால் போட்டுக் கடப்பதற்காம். அதை ஒருநாளும் எந்தக் கானிலும் போட்டதில்லை. ஆனால் அவர் ஹாண்டிலை லேசாக ஒடித்தாலே பின்னால் வருகிறவர்கள் குனிந்துகொள்ளப் பழகியிருந்தோம்.

இந்தப் பலகைக்கெல்லாம் காரணம் அவருடைய வாய்தான். ஒருமுறை மாக்சிக் கடையில் தேத்தாரே குடித்துக்கொண்டிருந்தவர், "இந்த டேம ஒரு சுத்து சுத்தி, திரும்பாமலே இதே கடைக்கு வந்துரலாம். வழி இருக்கு" என்று சொல்லிவிட்டார். கால்வாய்க் கரையோடு போய், செம்பனைக் காட்டுக்குள் நுழைந்து, தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, கால்வாயின் அக்கரைக்கு வந்து சேர வேண்டும். அங்கே ஒரு சின்னப் பாலம் உண்டு. அதற்கு நடுத்துண்டு கிடையாது. பலகை உண்மையில் அதற்குத்தான்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி. முதல் தடவை ஒரு மாட்டு மந்தைக்குள் போய் நின்றோம். அடுத்த தடவை பூட்டிய கேட். காவலுக்கு இருந்த மலாய்ப் பெரியவர், பாக்சிக், பொறுமையாகத்தான் சொன்னார்.

"அண்ணே, இனி ஜாலான் மாத்தி லா." முட்டுச்சந்துக்கு மலாய்க்காரர்கள் 'செத்த ரோடு' என்பார்கள்.

அண்ணன் அந்த ரோட்டைக் கொஞ்ச நேரம் கருணையோடு பார்த்தார். "பெலும் மாத்தி, பாக்சிக். தீடோர் சாஜா." சாகவில்லையாம், தூங்குகிறதாம். பாக்சிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் கேட்டைத் திறக்கவில்லை. நாங்கள் வந்த வழியே திரும்பினோம். அண்ணன் மட்டும் திரும்பவில்லை. சைக்கிளைப் பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு வந்தார்.

செம்பனைக் காட்டில் எந்த வரிசையைப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வழி தவறாமலிருக்க, வீட்டில் கிடந்த மஞ்சள் துணியைக் கிழித்து மரத்துக்கு மரம் கட்டிவைத்தார் அண்ணன். நல்ல யோசனைதான். நம் ஆட்கள் மஞ்சள் துணியைப் பார்த்தால் சும்மா போவார்களா என்பதைத்தான் மறந்துவிட்டார்.

அடுத்த வாரம் போனால், முச்சந்தி மரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு கல்லும் அதற்குக் குங்குமமும். பிறகு சூலம் வந்தது, சுருட்டு வந்தது, பாட்டிலும் வந்தது. மழைவிட்டு ஒரு மாதம் கழித்துப் போனபோது, பாதையை அடைத்துக்கொண்டு தகரக் கூரையின் கீழ் முனியாண்டி உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, இது நீங்க கட்டுன துணிதானே?" என்றேன்.

"கட்டுனது நானு. வந்து உக்காந்தது அவரு. வாய மூடிக்கிட்டுக் கும்புடு."

குமார் வங்கியில் வேலை செய்பவன். வயதில் எங்களுக்கெல்லாம் இளையவன். அவன் சைக்கிள் என் பழைய காரைவிட விலை கூடினது. அன்றும் பாதியில் திரும்பிக் கடைக்கு வந்தபோது அவன் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, அடுத்த வாரம் கடைசி வாட்டி. வட்டத்த முடிச்சிட்டீங்கன்னா நீங்கதான் எப்பவும் தலைவர். திரும்பிட்டீங்கன்னா விசில் என் கையில. நேரா போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போவோம். பெரிய ரோட்டுல ஸ்பீடா போலாம். யாருக்காகவும் யாரும் நிக்கறதில்ல."

கடைசி வாக்கியம் என் தொப்பையைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அண்ணன் விசிலைத் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சரி" என்றார். போர்ட்டிக்சன் ரோட்டில் விட்டால் இவர்கள் காலைப் பசியாறிவிட்டு வீடு திரும்பும்போதுதான் நான் பாதி வழியில் இருப்பேன். அண்ணன் ஜெயிக்க வேண்டுமென்று அந்த வாரம் முழுக்க நான் வேண்டாத சாமி இல்லை.

அந்த ஞாயிறு எல்லாமே நல்லபடியாக நடந்தது. மாடுகள் வேறு பக்கம் போயிருந்தன. கேட்டைச் சுற்றிப் போக ஓர் ஒற்றையடிப் பாதை கிடைத்தது. முனியாண்டியை மட்டும் எப்படித் தாண்டுவது? சைக்கிள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு கோயிலைப் பாதி வலம் வந்தால் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம் என்று அண்ணன் கண்டுபிடித்தார்.

"அரை வலம் ஆகாதுண்ணே" என்றார் கமலா டீச்சர்.

"டேம சுத்திட்டு வந்தா அதுவே முழு வலந்தான் டீச்சர். நடங்க."

ஒவ்வொருவராகப் போனார்கள். வழக்கம்போல் கடைசி ஆள் நான். தோளில் சைக்கிளை ஏற்றி ஒரு எட்டு வைத்தேன். சேறு வழுக்கியது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கணுக்கால் பிசகிவிட்டது. கத்தினேன், செம்பனை மட்டைகளின் சலசலப்பில் யாருக்கும் கேட்கவில்லை. கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. முனியாண்டிக்கு முன்னால் சம்மணம் போட முடியாமல் உட்கார்ந்தேன்.

அந்தப் பக்கம் நடந்ததைப் பிறகு டீச்சர்தான் சொன்னார். எல்லோரும் கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டார்கள். எதிரே மாக்சிக் கடையின் நீலத் தார்ப்பாய் தெரிகிறது. எண்ணெய் வாசனைகூட வருகிறது. அண்ணன் பலகையை அவிழ்த்துக் கையில் எடுத்துவிட்டார். போட்டுத் தாண்டினால் முடிந்தது. தாண்டுவதற்கு முன்னால், பழக்கம் விடவில்லை, பேர் கூப்பிட்டார்.

"சேகரு!"

எல்லோரும் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பின்னால வந்துருவாரு லா, அண்ணே" என்றானாம் குமார். "கடை தோ இருக்கு. மொதல்ல முடிங்க. அப்புறம் மோட்டர்சைக்கிள்ல போய் ஏத்திட்டு வருவோம். இப்பத் திரும்புனீங்கன்னா விசில் போச்சு, சொல்லிட்டேன்."

அண்ணன் தார்ப்பாயைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"பேர் கொறையுதுடா" என்றார். விசிலைக் கழற்றி அவன் கையில் வைத்தார். பலகையைத் திரும்பக் கட்டினார். சைக்கிளைத் திருப்பினார்.

இங்கே, யாரோ முனியாண்டிக்குப் படைத்திருந்த வாழைப்பழத்தின்மேல் நான் கண்ணை வைத்துக்கொண்டிருந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது. இத்தனை நாள் பின்னாலேயே போனவன் நான். அண்ணனின் சைக்கிள் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். விளக்கு உடைந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணுக்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

"திரும்பிட்டீங்களேண்ணே!"

அவர் கோயிலை மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து இறங்கினார்.

"டேம் வட்டம் போனாப் போவுது. முனியாண்டி வட்டம் முழுசா முடிஞ்சிருச்சு பாத்தியா? எந்திரி."

என்னைக் கேரியரில் உட்காரவைத்து, அடிபட்ட காலைப் பலகைமேல் நீட்டிக் கயிற்றால் கட்டினார். அந்தப் பலகை முதன்முதலாக ஒரு வேலைக்கு ஆனது அன்றுதான்.

கால் வீக்கம் வடிந்து நான் மறுபடி ராசாவுக்குப் போன ஞாயிறு, குமார் விசிலோடு நின்றான். அந்த இடைப்பட்ட வாரங்களில் அவர்கள் போர்ட்டிக்சன் போகவே இல்லையாம். "ஒரு ஆள் கொறையுதே" என்றான் என்னிடம், எங்கோ பார்த்துக்கொண்டு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்தான். டீச்சர் பதில் சொன்னார். நான் சொன்னேன். கடைசியில் அண்ணனிடம் வந்து திகைத்து நின்றான். இத்தனை வருஷமாக எங்களையெல்லாம் கூப்பிட்டவரை ஒருநாளும் யாரும் கூப்பிட்டதில்லை. அவருடைய பேர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"பெரட்டு அண்ணே!" என்றான் கடைசியில்.

"இருக்கேங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் காப்பிக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

அன்று டேம் வட்டம் முழுசாக முடிந்தது. குமார்தான் முன்னால் போனான். பலகையை அண்ணனிடமிருந்து வாங்கிப் பாலத்தில் போட்டவனும் அவன்தான். கடைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் நானும் அண்ணனும். இருவருக்கும் அரைப்பேர் என்று ஒரே பலகாரத்தைப் பிட்டுக் கொடுத்தான் குமார். பெரிய பாதியை அண்ணன் என் தட்டில் வைத்தார்.

இப்போது அவர் எனக்குப் பின்னால்தான் வருகிறார். நான் மூச்சு வாங்க நின்றால் பலகையின் நுனி முதுகில் வந்து இடிக்கும். இடித்தால்தான் எனக்கு நிம்மதி.